கேள்வி கேட்டவர், கணக்கும் காட்டியவர்: பேராயர் அசரியாவின் வாழ்க்கை

1910ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்துகொண்டிருந்தது. சுமார் 1,200 பேராளர்கள் கூடியிருந்தனர். பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிறு குழுவில் ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த 35 வயதுத் தமிழர். ஒரு மாலை அமர்வில் பேச அவர் அழைக்கப்பட்டார்.

வெளிநாட்டு மிஷனரிகளும் உள்நாட்டு ஊழியர்களும் எப்படி இணைந்து உழைப்பது என்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நன்றி சொல்லிவிட்டு அமர்ந்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் நன்றியும் சொன்னார், அதோடு நிறுத்தவில்லை. பல ஆண்டுகள் ஒரே ஊரில் ஊழியம் செய்தும் உடன் உழைக்கும் இந்தியரின் வீட்டு வாசலை மிதிக்காத மிஷனரிகள் இருக்கிறார்கள், அவரைத் தங்கள் வீட்டில் ஒரு வேளை உணவுக்கு அழைக்காதவர்களும் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். மிஷனரிகள் செய்த தியாகத்தையும் அவர்கள் கொடுத்த நிதியையும் இந்தியத் திருச்சபை மறக்காது, ஆனால் அதற்கு இப்போது வேண்டியது நட்பு என்று பேச்சை முடித்தார்.

அந்தப் பேச்சு பலரைச் சங்கடப்படுத்தியது. சிலர் கோபப்பட்டனர். ஆனால் நூறாண்டுகளுக்கும் மேலாகியும் அந்த மாநாட்டில் எல்லாரும் நினைவுகூரும் பேச்சாக அதுவே நிற்கிறது. அதைப் பேசியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இரண்டே ஆண்டுகளில் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பெரியவர்கள் முன்னிலையில் ஒரு முறை துணிந்து பேசிவிடலாம். பதவி கிடைத்த பிறகு, தான் பிறரைக் கேட்ட கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லும்படி நடந்துகொள்வது எளிதல்ல. அசரியாவின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

<b>வெள்ளாளன்விளைப் பிள்ளை</b>

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சிற்றூர் வெள்ளாளன்விளை. அங்கு 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி அசரியா பிறந்தார். நாடார் குடும்பம். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்க் குருவானவர், தாயார் எலன். நெடுங்காலம் காத்திருந்து, வேண்டிப் பெற்ற ஆண் பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் கண்டிப்போடு வளர்த்தார்.

மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். உடல்நலம் குன்றியதால் இறுதித் தேர்வை எழுத முடியாமல் போயிற்று. பட்டம் இல்லாமலேயே 1895ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. இளைஞர் சங்கத்தில் செயலாளராகச் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று இளைஞர்களைச் சந்திப்பதே வேலை. அங்குதான் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் நண்பரானார். இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தனர், ஒருவரையொருவர் திருத்திக்கொண்டனர். வெள்ளையரும் இந்தியரும் சமமான நண்பர்களாக இருக்க முடியும் என்பதை அசரியா ஏட்டில் படித்து அறியவில்லை. எடின்பரோவில் அவர் கேட்ட நட்பு, தன் வாழ்வில் அவர் ஏற்கெனவே கண்ட ஒன்று.

1898ஆம் ஆண்டு அன்பு மாரியம்மாள் என்பவரை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலரில் ஒருவர் அவர். அந்தத் திருமணத்தில் வரதட்சணை இல்லை, ஆடம்பரச் செலவும் இல்லை. மணவறைச் செலவுக்காகக் கடன் வாங்கி ஆயுள் முழுவதும் அடைக்கும் வழக்கத்தை அவர் பிற்காலத்தில் கடுமையாகக் கண்டித்தார். கண்டிக்கும் உரிமை அவருக்கு இருந்தது, ஏனெனில் தன் திருமணத்திலேயே அதைச் செய்து காட்டியிருந்தார்.

<b>யாழ்ப்பாணத்தில் கிடைத்த பாடம்</b>

1902ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், தங்கள் காணிக்கையைக் கொண்டே கடல் கடந்து தமிழகத்துக்கு ஊழியர்களை அனுப்பி வந்தனர். அதைப் பார்த்த அசரியாவுக்கு வெட்கமாக இருந்தது. திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன, தேவாலயங்கள் இருந்தன, பள்ளிகள் இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் இங்கிலாந்தை எதிர்பார்க்கும் பழக்கமும் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெற்றே பழகிய சபை, கொடுக்கப் பழகவில்லை.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. அதற்கு அடிப்படை விதி ஒன்றுதான்: பணம் இந்தியருடையது, ஆட்கள் இந்தியர், நிர்வாகமும் இந்தியர் கையில். வெளியிலிருந்து பணம் வந்தால் கணக்கும் வெளியாருக்குத்தான் போகும். பனங்காட்டு ஏழையின் காசில் நடக்கும் சங்கம் பனங்காட்டு ஏழைக்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கும் பெண்களும் அந்தச் சங்கத்தின் பங்காளிகள். அப்படிப்பட்ட பணத்தை மனம்போல் செலவு செய்ய முடியாது.

1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்தின் செராம்பூரில் இந்திய தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் அசரியா முன்னணியில் நின்றார். பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்களும் பல மொழிக்காரர்களும் அதில் ஒன்றாக அமர்ந்தனர்.

<b>செயலாளர் பதவியை விட்டு காட்டுக்கு</b>

திருநெல்வேலிச் சங்கம் தன் ஊழியத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் தோர்ணக்கல். ஹைதராபாத் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட பகுதி, இன்று தெலங்கானா மாநிலத்தில் இருக்கிறது. ரயில் சந்திப்பு ஒன்றைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் இல்லை. சுற்றிலும் காடு, காய்ச்சல், வறுமை. பேசும் மொழி தெலுங்கு.

கூட்டம் கூட்டமாக இளைஞர்களைப் பார்த்து மிஷனரிகளாகப் போங்கள் என்று அசரியா சொல்லி வந்தார். ஒரு கட்டத்தில் அந்தச் சொல் அவரையே திருப்பிக் கேட்டது. பிறரை அனுப்பும் தான் மட்டும் நகரத்தில் பெயரும் புகழுமாக இருப்பதா? 1909ஆம் ஆண்டு பதவியை விட்டார், குருப்பட்டம் பெற்றார், மனைவி மக்களோடு தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். முப்பது வயதைத் தாண்டியபின் தெலுங்கு கற்றார். எடின்பரோ மேடையில் அவர் ஏறியபோது பட்டணத்துச் சங்கச் செயலாளராக ஏறவில்லை, ஒரு காட்டூர்க் குருவானவராக ஏறினார்.

<b>முதல் இந்தியப் பேராயர்</b>

அசரியாவைப் பேராயராக்க வேண்டும் என்று முனைந்து நின்றவர் அன்றைய மதராஸ் பேராயர் ஹென்றி வைட்ஹெட். எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. ஓர் இந்தியருக்குக் கீழே வேலை செய்ய மிஷனரிகள் பலருக்கு மனமில்லை. அதைவிட வேதனை, இந்தியக் கிறிஸ்தவர்களிலேயே சிலர் எதிர்த்ததுதான். வெள்ளைக்காரர் பேராயராக இருந்தால்தான் மரியாதை என்று நினைத்தவர்களும் இருந்தனர், அசரியாவின் சாதியைப் பார்த்தவர்களும் இருந்தனர்.

எல்லாவற்றையும் கடந்து, 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவருக்குப் பேராயர் பட்டம் சூட்டப்பட்டது. அப்போது அவருக்கு 38 வயது. அவருக்குக் கிடைத்த தோர்ணக்கல் மறைமாவட்டம் அன்று சின்னஞ்சிறியது. அடுத்த சில ஆண்டுகளில், ஆங்கில மிஷனரிகள் நெடுங்காலமாக ஊழியம் செய்து வந்த ஆந்திரப் பகுதிகளும் அதனுடன் சேர்க்கப்பட்டன. இப்போது அந்த மிஷனரிகள் ஓர் இந்தியரின் நிர்வாகத்தின் கீழ் வந்தனர்.

எடின்பரோவில் கேட்ட கேள்விக்கு அவரே விடை சொல்ல வேண்டிய நேரம் அது. பழிக்குப் பழி என்று அவர் நடக்கவில்லை. மிஷனரிகளைத் துரத்தவும் இல்லை, அவர்கள் முன் குனியவும் இல்லை. சக ஊழியர்களாக நடத்தினார். தன் மேசையில் இடம் கொடுத்தார்.

<b>நான்கு பேய்களோடு போராட்டம்</b>

தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற ஒடுக்கப்பட்ட இரு சமூகத்தினர். நிலம் இல்லாதவர்கள், பண்ணையாரிடம் கடன்பட்டவர்கள், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லாதவர்கள்.

அசரியா மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று பெயரிட்டு எதிர்த்தார். ஜெபம் செய்தால் மட்டும் இவை ஓடா என்று அவருக்குத் தெரியும். பள்ளிகள், மருந்தகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகம் என்று ஒவ்வொன்றாக எழுந்தன. பெண்களின் கல்வியும் குடும்பப் பயிற்சியும் அன்பு அம்மாளின் பொறுப்பு. 1930களின் நடுப்பகுதியில் சுமார் 250 இந்தியக் குருமாரும் 2,000க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் அந்த மறைமாவட்டத்தில் உழைத்து வந்தனர். சபை மக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினர்.

ஊழியம் என்பது சம்பளம் வாங்கும் குருவானவரின் வேலை மட்டும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைக்கச் சொல்வார். நற்செய்தியை அறிவிக்காவிட்டால் எனக்குக் கேடு என்ற பொருள்படும் பவுலின் சொற்களை அவர்களையே சொல்ல வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பண்ணையாளும் அந்த நொடியில் சபையின் பொறுப்பாளி ஆகிவிடுவார். பேராயர் தன் அதிகாரத்தைப் பங்கிட்டுக் கொடுத்த விதம் அது.

பணத்திலும் அதே கொள்கை. ஏழை என்பதால் ஒருவரிடம் காணிக்கை கேட்காமல் இருப்பது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது அவரைச் சபையின் சொந்தக்காரர் ஆகவிடாமல் செய்துவிடும் என்று அசரியா கருதினார். அறுவடை நாளில் ஒரு படி தானியம், ஒரு கோழி, ஒரு பூசணிக்காய் என்று முடிந்ததைக் கொண்டுவரச் செய்தார். கொடுத்தவனுக்குத்தான் கேட்கும் உரிமை வரும். கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலே எழுதினார்.

<b>சொந்த வீட்டின் குறைகள்</b>

வெள்ளையர் இந்தியரை வீட்டுக்கு அழைப்பதில்லை என்று எடின்பரோவில் சொன்னவர், மாலரும் மாதிகரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணாததைக் கண்டும் காணாததுபோல் இருக்க முடியாது. ஒரே ஆலயம், ஒரே திருவிருந்து என்று வற்புறுத்தினார். எல்லா இடத்திலும் அது எளிதில் நடந்துவிடவில்லை. அவர் காலத்தில் அந்தப் புண் முழுதாக ஆறவும் இல்லை. ஆனாலும் அதைச் சபைக்குள் மூடி வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

அரசியலிலும் அவர் நிலைப்பாடு பலருக்குப் பிடிக்கவில்லை. 1932ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி முறையை அறிவித்தது. சமூகத்துக்குச் சில இடங்கள் உறுதி என்பதால் பலர் மகிழ்ந்தனர். அசரியா எதிர்த்தார். சபை என்பது வாக்குகளை எண்ணும் ஒரு சமூகக் கட்சியாகச் சுருங்கிவிடக் கூடாது என்பது அவர் கவலை. தன் கூட்டத்துக்கு லாபம் தரும் ஒன்றைத் தலைவரே வேண்டாம் என்று சொல்வது அரிது.

தாழ்த்தப்பட்டோர் கூட்டமாகச் சபையில் சேர்வது குறித்து 1930களில் மகாத்மா காந்திக்கும் அவருக்கும் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. இருவரும் தேசத்தை நேசித்தவர்கள், இருவரும் தீண்டாமையை வெறுத்தவர்கள். ஆனால் ஒரு மனிதன் தன் நம்பிக்கையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையில் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. நாடே போற்றிய தலைவரோடு மாறுபட்டு நிற்கவும் அவர் தயங்கவில்லை.

<b>பதில் இல்லாத ஒரு கேள்வி</b>

அந்நாள்களில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களுக்கு ஒரு புதிய சமயத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அசரியாவைச் சந்தித்தபோது ஒரு கேள்வி கேட்டதாகச் சொல்வார்கள். எங்கள் மக்கள் நாடு முழுதும் ஒரே சமூகமாக இருக்கிறார்கள், உங்கள் சபையில் சேர்ந்தால் பல பிரிவுகளாகச் சிதறிப் போக மாட்டார்களா என்பது அதன் சாரம். அசரியாவிடம் அதற்குப் பதில் இல்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன், பாப்டிஸ்ட் என்று மேல்நாட்டுச் சண்டைகளின் பெயரால் இந்தியச் சபை பிரிந்து கிடந்தது.

அந்தக் கேள்வி அவருக்குப் புதியதல்ல. 1919ஆம் ஆண்டு மே மாதமே தரங்கம்பாடியில் 33 தலைவர்கள் கூடி, தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்ற அறிக்கையை வெளியிட்டிருந்தனர். அந்தக் கூட்டத்துக்கு வழிகாட்டியவர் அசரியா. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் பேச்சு வார்த்தை, குழுக்கள், வாதங்கள், ஏமாற்றங்கள். 1927இல் சுவிட்சர்லாந்தின் லொசான் மாநாட்டில், மேல்நாட்டில் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம், இந்தியாவிலோ அது பாவமே என்ற பொருளில் பேசி உலகத் திருச்சபைகளைச் சிந்திக்க வைத்தார். 1929 முதல் இறக்கும்வரை இந்தியாவின் தேசியக் கிறிஸ்தவ மன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

இணைப்பு நடந்தால் பேராயர்களின் அதிகாரம் குறையும், சபை மன்றங்களின் குரல் கூடும் என்பது தெரிந்த விஷயம். ஒரு பேராயரே அதற்காக வாழ்நாளெல்லாம் பாடுபட்டார்.

<b>கால் நூற்றாண்டில் எழுந்த ஆலயம்</b>

தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் இன்றும் நிற்கிறது. பார்த்தால் இங்கிலாந்துத் தேவாலயம் போல் இருக்காது. மசூதியை நினைவூட்டும் கும்மட்டங்கள், கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்கள், தாமரை வேலைப்பாடுகள். இந்த மண்ணின் மக்கள் இந்த மண்ணின் முறையில் வழிபட வேண்டும் என்பதைக் கல்லில் சொன்ன கட்டடம் அது. கட்டி முடிக்கச் சுமார் கால் நூற்றாண்டு ஆனது. 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி அர்ப்பணிக்கப்பட்டது. பேராயர் பட்டம் பெற்றபோது இளைஞராக இருந்தவர், ஆலயம் திறக்கும்போது அறுபதைத் தாண்டியிருந்தார். அதற்கிடையில் நூற்றுக்கணக்கான கிராமங்களில் சின்னச் சின்ன ஜெப வீடுகளும் பள்ளிகளும் எழுந்துவிட்டன.

1945ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி, புத்தாண்டு நாளில், தோர்ணக்கல்லிலேயே அசரியா காலமானார். வயது 70. அவர் கனவு கண்ட இணைப்பு அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்குள், 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அவர் இல்லை.

<b>அவர் விட்டுச் சென்றது</b>

திருநெல்வேலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் பலர், கையில் ஒரு வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தவர்கள். தோட்டத்துச் சிறு ஜெப வீடுகளும் பட்டணத்துத் தமிழ்ச் சபைகளும் அவர்களின் காசிலும் உழைப்பிலும் எழுந்தவை. அசரியாவின் கதை அதனால் நமக்கு வெளியூர்க் கதையல்ல.

சபையில் தலைவராக இருப்பவர் மேலே இருப்போரிடம் உண்மையைச் சொல்லத் துணிய வேண்டும். அதே துணிவோடு கீழே இருப்போர் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் அது வெறும் சத்தம். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைக் கேட்பவரைக் குழப்பக்காரர் என்று ஒதுக்குவது இன்று எல்லாச் சமயத்து ஆலயங்களிலும் சங்கங்களிலும் காணும் காட்சி. உலகின் பெரிய மிஷனரிகள் முன் நின்று கேள்வி கேட்ட அசரியாவும் அன்று சிலர் கண்ணுக்குக் குழப்பக்காரராகத்தான் தெரிந்தார்.

ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த தாய்க்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்று நினைத்தவர் அவர். அந்த நினைப்பு மறையாத இடத்தில் சபையும் நிலைக்கும், சங்கமும் நிலைக்கும்.